1864 ரோபி குதிரைப்படை வாள்: உறைக்குள் ஆடுகிறது, கைப்பிடித் தோல் உரிகிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

தெற்குவாசல்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து வாள் ஒன்றின் நிலையை மதிப்பிட உதவி வேண்டும். இதுவரை எதையும் துடைக்கவில்லை, எண்ணெய் போடவில்லை. அளவுகள் இவை.

அலகின் நீளம் கைக்காப்பிலிருந்து முனைவரை நேர்க்கோட்டில் 34 5/8 அங்குலம். அடியில் அகலம் 25.5 மிமீ, முதுகுத் தடிமன் 7.5 மிமீ, முனைக்குச் சற்று முன்னால் 3 மிமீக்கும் கீழே. உறையில்லாமல் எடை ஏறத்தாழ 1 கிலோ.

அலகின் அடியில் ஒரு பக்கம் "சி. ரோபி, டபிள்யூ. செம்ஸ்ஃபோர்டு, மாஸ்". மறுபக்கம் "யு.எஸ்.", "1864", "ஏ.ஜி.எம்.". அலகு முழுக்கச் சாம்பல் நிறம், கடைசி 20 செமீயில் செம்பழுப்புத் துரு. கூர்விளிம்பில் மூன்று சிறு வெட்டுக்காயங்கள். கைக்காப்புப் பித்தளை அடர் பழுப்பு. கைப்பிடித் தோல் பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனால் குமிழ் (கைப்பிடியின் கடைசி முனை) பக்கம் செதிலாக உரிகிறது. முறுக்குக் கம்பி முழுதாக இருக்கிறது, அதன் அடியில் பச்சையாக மெழுகுபோல ஏதோ. கைக்காப்புக்கும் அலகுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தோல் வளையம் இல்லை.

உறை இரும்பு, இரண்டு வளையங்களும் உண்டு. வாளைப் போட்டால் கடகடவென்று ஆடுகிறது. இதுதான் பெரிய கவலை.

---

கிடங்குச்சாவி

தொடாமல் கேட்டதற்கு முதலில் நன்றி. இந்த வாள்களில் பாதிக்குமேல் முதல் வாரத்திலேயே கெட்டுப்போகின்றன.

அளவுகள் அமெரிக்கக் குதிரைப்படையின் 1860 மாடலுக்குச் சரியாக விழுகின்றன. 1840 கனரக வாளாக இருந்தால் அடியகலம் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மிமீ வரும். நீளமும் 36 அங்குலத்தை ஒட்டிப் போகும். அந்தக் கனத்தால்தான் 1840-க்கு "மணிக்கட்டு முறிப்பான்" என்று பட்டப்பெயர் வந்தது. 1860-இல் அலகை ஒடுக்கினார்கள், கைப்பிடியின் நடுவில் லேசாகப் புடைப்புக் கொடுத்தார்கள். கைப்பிடியைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் புடைப்பு தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

முதுகுத் தடிமன் 7.5-இலிருந்து 3-க்குக் கீழே இறங்குவது மிக நல்ல அறிகுறி. நகல்களில் அடி முதல் நுனி வரை ஒரே தடிமனாகப் பட்டைக் கம்பிபோல இருக்கும். கையில் எடுத்தவுடன் முனை கீழே இழுக்கும்.

ரோபியின் முத்திரையோடு ஏ.ஜி.எம். என்ற பரிசோதகர் எழுத்துகள் வருவது வழக்கமான சேர்க்கை. மாசசூசெட்ஸின் மேற்கு செம்ஸ்ஃபோர்டில் புல்லறுக்கும் நீள அரிவாள் செய்த பட்டறைதான் போரில் வாளுக்கு மாறியது. ரோட் ஐலண்டின் ஃபாரஸ்ட்டேலில் இருந்த மேன்ஸ்ஃபீல்டு அண்ட் லேம்பும் அப்படியே. நீளமான மெல்லிய வளைந்த எஃகை உருட்டி, பதப்படுத்தி, தீட்டத் தெரிந்தவர்களுக்கு வாள் அந்நிய வேலை இல்லை.

அடுத்து நான்கு இடங்களைப் பெரிதாக்கிப் படம் போடுங்கள்: குமிழின் உச்சி, குமிழ்த் தொப்பியில் சிறு எழுத்து முத்திரை இருக்கிறதா, உறையின் வாய், உறையின் அடிக்கட்டில் இருக்கும் எழுத்து.

---

மூன்றுகிளை

குமிழ் உச்சியைத்தான் நானும் முதலில் கேட்பேன். அலகின் வால் கைப்பிடி மரத்துக்குள் ஓடி, குமிழின் உச்சியில் வெளியே வந்து, அங்கே தட்டிப் பரப்பி, அரத்தால் குமிழோடு சமமாக இழைக்கப்பட்டிருக்கும். நல்ல வாளில் அந்த வட்டம் கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். சுற்றியுள்ள பித்தளையின் நிறமும் அதனருகே மாறக்கூடாது. சுத்தியல் பள்ளங்கள், அங்கே மட்டும் பளிச்சென்ற மஞ்சள், அல்லது நடுவில் இரும்புத் தலை புதிதாக மின்னுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வாள் ஒருமுறை பிரிக்கப்பட்டது என்று அர்த்தம். நட்டு இருந்தால் பேச்சே வேண்டாம், அது நகல்.

இந்தியாவில் செய்து அமெரிக்காவுக்குப் போன நகல்கள் பல பத்தாண்டுகளாகச் சந்தையில் சுற்றுகின்றன. பலவும் அலங்காரத்துக்கும் போர்க்கால நடிப்புக் குழுக்களுக்கும் நேர்மையாக விற்கப்பட்டவை. பிறகு கைமாறும்போது யாரோ நாட்டின் பெயரை இழைத்து எடுத்துவிடுகிறார்கள். அதனால் அலகின் அடியில் ஒரு பக்கம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள்.

அடுத்து நீள்பள்ளங்கள். அசலில் அகலப் பள்ளம் ஒன்று, முதுகை ஒட்டி ஒல்லியான பள்ளம் இன்னொன்று. இரண்டும் முனைக்கு முன்னால் படிப்படியாக ஆழம் குறைந்து முடியும். நகலில் ஆழமே இல்லாமல், அல்லது அலையலையாக, அல்லது வெட்டினாற்போல நிற்கும்.

பித்தளையில் ஊசித் துளைபோல வார்ப்புக் குழிகள் நிறைய இருப்பதும், கைக்காப்பின் கிளைகள் விரல் தடிமனுக்கு மொத்தமாக இருப்பதும் மோசமான குறிகள். அசல் கிளைகள் மெலிந்தவை, உள்பக்கம் அரம் போட்ட தடம் தெரியும். அந்த உள்பக்கத்தை எந்த நகல்காரனும் நேரம் செலவழித்து இழைப்பதில்லை.

---

தெற்குவாசல்

படங்கள் போட்டிருக்கிறேன். குமிழ் உச்சியில் வட்டம் மங்கலாகத் தெரிகிறது, நிறம் ஒரே மாதிரி. குமிழ்த் தொப்பியில் இரண்டு எழுத்துகள் உண்டு, தேய்ந்திருக்கின்றன. கைப்பிடி நடுவில் புடைப்பு இருக்கிறது. கைக்காப்பின் உள்பக்கம் அரத் தடங்கள் தெளிவு.

உறையின் வாயில் உட்பக்கம் எதுவும் இல்லை, வெறும் குழாய். ஓரத்தில் சிறு துளை மட்டும் இருக்கிறது.

---

கிடங்குச்சாவி

வாளைப் பற்றிய சந்தேகம் எனக்குத் தீர்ந்தது. இனி உறை.

அந்தத் துளை வாய்க்கட்டின் திருகுக்கானது. வாய்க்கட்டு என்பது உறைக்குள் செருகப்படும் தனித் துண்டு. அதன் உட்புறம் இருக்கும் தகடுகள் அலகை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும். அது தொலைந்தால் எந்த வாளும் ஆடும். ஆகவே ஆடுவதை மட்டும் வைத்து உறை மாறிவிட்டது என்று சொல்லக்கூடாது.

இரண்டு அளவு எடுங்கள். காலிப்பரால் உறைவாயின் உள் அகலம். பிறகு மெல்லிய மரச்சட்டத்தை உள்ளே விட்டு ஆழம். சட்டம் வளைய வேண்டும், மூங்கில் சிம்பு போதும். கம்பியை விடாதீர்கள், உள்ளே கீறும்.

---

தெற்குவாசல்

உள் அகலம் 34 மிமீ. ஆழம் 92 செமீ.

---

கிடங்குச்சாவி

அப்படியானால் 1840-இன் உறை. உங்கள் அலகு 88 செமீ. 4 செமீ வெற்றிடமும், 25.5 மிமீ அலகுக்கு 34 மிமீ வாயும் வேறு எதற்கும் பொருந்தாது.

---

நீலக்கோட்டு

இதை உடனே "பிற்காலக் கலப்பு" என்று எழுதிவிட வேண்டாம் என்பது என் கருத்து. 1840 வாள்கள் போர் முழுக்கப் பயன்பாட்டில் இருந்தன. ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து 1840 வகை வாள்கள் ஆயிரக்கணக்கில் இறக்குமதியாயின. படைக் கிடங்கில் உறை நசுங்கினால் கையில் கிடைத்த உறையைக் கொடுத்திருப்பார்கள். போர் முடிந்ததும் வீரர்கள் ஆயுதத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று 1865 மே 30-இல் வெளியான 101-ஆம் பொது ஆணை அனுமதித்தது. வாளுக்கு 3 டாலர். அப்படிப் போன வாளோடு எந்த உறை போனது என்று யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

---

மூன்றுகிளை

நடந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிரூபிக்க முடியாததை விற்பனைக் குறிப்பில் எழுதத் தொடங்கினால் எல்லாக் கலப்பும் "போர்க்காலக் கலப்பு" ஆகிவிடும். மறுபக்கமும் இருக்கிறதே. போருக்குப் பிறகு உபரி ஆயுதங்களை மொத்தமாக வாங்கி விற்ற பேனர்மேன் போன்ற வணிகர்களின் கிடங்குகளில் வாள் ஒரு குவியல், உறை ஒரு குவியல். 20-ஆம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களும் நல்ல உறையை நல்ல வாளுக்கு மாற்றினார்கள், மிஞ்சியதை மிஞ்சியதோடு சேர்த்தார்கள். அந்தச் சாத்தியம்தான் அதிகம்.

ஒரு சோதனை இருக்கிறது, தீர்ப்பாகாது, ஆனால் எடை கூட்டும். வாளும் உறையும் நெடுங்காலம் சேர்ந்திருந்தால் துருவின் தன்மை ஒத்துப்போகும். அலகின் முனை 20 செமீயில் துரு இருக்கிறது என்றார். உறையின் கீழ்ப்பகுதியில் ஈரம் தங்கியதால் வந்த துரு அது. உறைக்குள் அதே ஆழத்தில் துரு இருக்கிறதா? கைக்காப்பின் அடித்தட்டில் உறைவாய் இடித்த தடம் இருந்தால் அதன் அகலம் எவ்வளவு?

---

தெற்குவாசல்

அடித்தட்டில் தேய்மானக் கோடு இருக்கிறது. உறைவாயின் விளிம்போடு பொருந்தவில்லை, அதைவிடச் சிறிய முட்டை வடிவம்.

---

மூன்றுகிளை

அந்தச் சிறிய முட்டைதான் அதன் சொந்த 1860 உறையின் வாய். சொந்த உறையோடு போதிய காலம் வாழ்ந்த வாள் இது. இந்த உறை பிறகு வந்தது.

---

நீலக்கோட்டு

ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தடம் நான் சொன்னதைவிட வலுவான சான்று. போர்க்காலத்திலேயே மாறியிருந்தால் பெரிய வாயின் தடமும் மேலே பதிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் உறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் அடிக்கட்டில் இருக்கும் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1840 வாளை உறையில்லாமல் வைத்திருப்பவர் யாருக்காவது அது தேவைப்படும். மாற்றிக்கொண்டால் இரண்டு வாளுக்கும் நல்லது.

---

களிம்பு

உலோகம், தோல் பக்கம் நான் பேசுகிறேன். இங்கேதான் தவறு திரும்பிப் பெற முடியாதது.

கம்பியின் அடியில் இருக்கும் பச்சை மெழுகு துருவும் அழுக்கும் இல்லை. தோலில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்து உருவாகும் களிம்பு. தோலுக்கு எண்ணெய் போடப் போட அது பெருகும். பழைய தோல் காய்ந்திருக்கிறது என்று நீட்ஸ்ஃபுட் எண்ணெயோ (மாட்டுக்கால் எண்ணெய்) ஷூ பாலிஷோ தடவுபவர்கள் இந்தக் களிம்புக்குத்தான் தீனி போடுகிறார்கள். தவிர, எண்ணெய் ஊறிய தோல் கறுத்து மெத்தென்று ஆகி, மரத்திலிருந்து கழன்று வரும்.

எடுக்கும் முறை: பல்குத்தும் குச்சியின் முனையைச் சரிவாகச் சீவிக்கொள்ளுங்கள். கம்பியின் முறுக்கு ஓடும் திசையிலேயே மெதுவாகத் தள்ளி எடுங்கள். உலோக ஊசி கூடாது. மிச்சத்தை, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒயிட் ஸ்பிரிட்டை (பெயிண்ட் கரைக்கும் பெட்ரோலியத் திரவம்) மிகக் கொஞ்சமாகத் தொட்டு, பஞ்சு ஈரமாக மட்டும் இருக்கும்படி கம்பியின் மேல் உருட்டுங்கள். தோலில் படவிடாதீர்கள். ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம்.

உரியும் தோலுக்குக் காப்பகங்களில் பயன்படும் பொருள் ஹைட்ராக்ஸிபுரோப்பில் செல்லுலோஸ், கடையில் க்ளூசெல் ஜி என்று கிடைக்கும். 100 மிலி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 2 கிராமைத் தூவிக் கலக்கி, மூடி ஓர் இரவு வையுங்கள், கட்டியில்லாமல் கரையும். மெல்லிய தூரிகையால் செதில்களின் விளிம்பில் மட்டும் தொட்டு விடுங்கள், தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். தோல் கறுத்தால் நிறுத்திவிடுங்கள். இது தோலை மீண்டும் மென்மையாக்காது. உதிர்வதை நிறுத்தும், அவ்வளவுதான். நமக்குத் தேவையும் அவ்வளவுதான்.

புதுத் தோல் சுற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் அசல் தோல், முழு அசல் கம்பி. இது நல்ல நிலைக் கைப்பிடி.

---

புதுவரவு_08

பித்தளையை மட்டுமாவது பளிச்சென்று ஆக்கலாமா? வீட்டுக் குத்துவிளக்குக்குப் புளி போடுவதுபோல? இல்லை பாலிஷ் திரவம்?

---

களிம்பு

வேண்டாம், இரண்டுமே வேண்டாம்.

புளியின் அமிலம் மேல்படலத்தைக் கரைத்து எடுத்துவிடும். குத்துவிளக்குக்கு அது சரி, அதை வாராவாரம் துலக்குவதே வழக்கம். இந்தக் கைக்காப்பின் பழுப்பு நிறம் 160 ஆண்டுகளாகச் சீராக ஏறியது. அதன் மீதுதான் தேய்மானமும் முத்திரையும் படிக்கக் கிடைக்கின்றன. மூன்றுகிளை அடித்தட்டில் ஒரு கோட்டைப் பார்த்து உறையின் வரலாறு சொன்னாரே, பாலிஷ் போட்டிருந்தால் அந்தக் கோடு இருந்திருக்காது.

பாலிஷ் திரவங்களில் பலவற்றில் அம்மோனியா உண்டு. இழுவிசையில் இருக்கும் பித்தளையை அம்மோனியா வெடிக்க வைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் பித்தளைத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்தார்கள், தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. பருவமழையோடு வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் விழுந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. உங்கள் வாளின் கம்பியும் முறுக்கி, இழுத்துச் சுற்றப்பட்ட பித்தளை. அதன் இடுக்கில் பாலிஷ் தங்கினால் கம்பி அறுந்து நிற்கும். வெள்ளைப் பொடியாகத் தேங்கும் மிச்சத்தை எடுப்பதும் லேசில்லை.

---

கிடங்குச்சாவி

அலகுக்கு வருவோம். சாம்பல் நிறத்தைத் தொடாதீர்கள். அது நிலைத்துப்போன படலம். சாய்ந்த வெளிச்சத்தில் அலகின் குறுக்கே மயிரிழைக் கோடுகள் தெரிகின்றனவா பாருங்கள். பட்டறையில் போட்ட மெருகின் தடம் அது. அது மிஞ்சியிருக்கும் அலகைச் சேகரிப்பவர்கள் தனியாக மதிப்பார்கள். மின்சாரச் சக்கரத்தில் பிடித்த அலகில் அது போய்விடும், முத்திரை எழுத்துகளின் விளிம்பும் மழுங்கி, கரைந்த சோப்பில் எழுதியதுபோல ஆகும். அப்படி ஒருமுறை போனால் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் திரும்ப வராது.

முனைத் துருவை வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. கறுப்பாகக் கெட்டியாக இருந்தால் தூங்குகிறது.

---

தெற்குவாசல்

பெரும்பாலும் ஒட்டவில்லை. கடைசி 8 செமீயில் மட்டும் ஆரஞ்சுப் பொடி வருகிறது. குறுக்குக் கோடுகள் அடிப்பகுதியில் தெரிகின்றன.

---

மூன்றுகிளை

அப்படியானால் அந்த 8 செமீ மட்டும்தான் வேலை. நான்கு சுழி (0000) என்ற மிக மெல்லிய எஃகு நாரும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துவிடலாம் என்பது பல சேகரிப்பாளர்களின் பழக்கம்.

---

கிடங்குச்சாவி

இந்த அலகுக்கு எஃகு நார் வேண்டாம் என்பேன். அது உயர்ந்த துருவையும் பக்கத்துச் சாம்பல் படலத்தையும் ஒரே மாதிரி அரிக்கும். முடிவில் 8 செமீ மட்டும் வெள்ளையாக, மற்றது சாம்பலாக, இரண்டு வாளை ஒட்டினாற்போலத் தெரியும். அறுந்த எஃகு இழைகள் குழியில் தங்கித் தாமே துருப்பிடிக்கும்.

மெதுவான வழி: லேசான இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு செம்புத் தகட்டின் விளிம்பை மிகத் தாழ்வான கோணத்தில் வைத்துத் தள்ளுங்கள். அமெரிக்கர்கள் 1982-க்கு முந்தைய ஒரு சென்ட் காசை எடுப்பார்கள், அது 95 விழுக்காடு செம்பு. செம்பு எஃகைவிட மென்மை, பொரிந்த துருவைத் தள்ளப் போதிய கடினம். துரு மட்டும் செதிலாகக் கழலும், அடியில் இருக்கும் கறுப்பு நிற்கும். துடைத்து, மறுபடி எண்ணெய். நான்கைந்து சுற்று ஆகலாம். பொடி வருவது நின்றதும் நிறுத்துங்கள். குழிகளின் அடிவரை வெள்ளையாக்க முயலாதீர்கள். எண்ணெய் கைக்காப்புப் பக்கம் ஓடாமல் இருக்க முனையைத் தாழ்த்தி வைத்துச் செய்யுங்கள்.

வினிகர், துரு நீக்கும் கரைசல்கள் எதுவும் கூடாது. சோகையான மங்கல் வெள்ளை நிறம் வரும், பார்த்தவுடன் தெரியும்.

---

மூன்றுகிளை

குறுக்குக் கோடு இருக்கிறது என்று இப்போதுதான் கவனித்தேன். சரி, அப்படிப்பட்ட அலகுக்குச் செம்பு வழிதான். ஏற்கெனவே எவரோ தேய்த்துவிட்ட அலகுக்கு மட்டும் என் முறையை வைத்துக்கொள்கிறேன்.

வெட்டுக்காயங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. படத்தில் மூன்றும் சிறியவை, உள்ளே சாம்பல் நிறம், விளிம்பு மழுங்கியது. பழையவை. ஆனால் "போர்க்களக் காயம்" என்று எழுத வேண்டாம். இந்த வாள்கள் கூர்தீட்டாமலே வழங்கப்பட்டன. களத்தில் தீட்டியவர்கள் உண்டு. பிறகு வீட்டுக் கொல்லையில் பிள்ளைகள் இரண்டு வாளை வைத்து மோதியதிலும் இதே வெட்டுகள் வரும். அரத்தால் இழைத்துச் சமன்செய்யவும் கூடாது. அலகின் அகலம் குறைந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பார்கள், முனையின் வடிவம் காட்டிக்கொடுக்கும்.

முதுகை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்து வளைவு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

---

தெற்குவாசல்

பக்கவாட்டு வளைவு இல்லை. கைக்காப்பு மட்டும் மயிரிழை அளவு ஆடுகிறது.

---

கிடங்குச்சாவி

தோல் வளையம் போனதால் வந்த ஆட்டம். அந்த மெத்தைத் தோல் அமுங்கி இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது. இதற்காகக் குமிழ் உச்சியைச் சுத்தியலால் தட்டி இறுக்கும் வேலைதான் இந்த வாள்களுக்கு நேரும் மிகப் பெரிய கெடுதல். கைப்பிடி மரம் பிளக்கும், அசல் உச்சி போகும். மயிரிழை ஆட்டம் இருந்துவிட்டுப் போகட்டும்.

வளையம் வேண்டுமென்றால் 2 மிமீ தோலில் வெட்டி, ஒரு பக்கம் கீறி, அலகின் அடியில் சுற்றிச் செருகலாம். பிரிக்கத் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். தாவரப் பதனிட்ட தோலைவிடப் பதனிடும் அமிலம் மிஞ்சாத மென்தோல் நல்லது. புதியது என்று குறித்து வையுங்கள்.

---

புதுவரவு_08

இதே மாதிரி வாள் ஒன்றில் முத்திரையே இல்லை. தெற்கு மாநிலங்களின் படை வாள் என்று விற்கிறார்கள், விலை பல மடங்கு. முத்திரை இல்லாவிட்டால் தெற்கத்தியதா?

---

நீலக்கோட்டு

இந்த ஒரு நம்பிக்கையால் பணம் இழந்தவர்கள் மிக அதிகம். பொறுமையாகப் படியுங்கள்.

சோலிங்கன் இறக்குமதிகள் பலவற்றில் அமெரிக்கப் பரிசோதகர் முத்திரை இருக்காது. தயாரிப்பாளர் குறி இருந்தாலும் தேய்ந்திருக்கும். அவற்றின் வேலைப்பாடு சுத்தம். தெற்கத்திய வாள்கள் பெரும்பாலும் 1840-ஐப் பார்த்துச் செய்தவை. கையில் இருந்ததை வைத்துச் செய்ததால் அதன் நெருக்கடி வாளிலேயே எழுதியிருக்கும்: பித்தளையில் செம்பு கூடிச் சிவப்பாக இருக்கும், வார்ப்புக் குறைகள் இருக்கும். அலகில் நீள்பள்ளம் கைக்காப்பு வரை நிற்காமல் ஓடும். கைப்பிடியில் ஒற்றை இரும்பு அல்லது செம்புக் கம்பி, சில சமயம் எண்ணெய்த்துணி. உறையின் பின்புறம் ஈயம் வைத்து ஒட்டிய மடிப்பு, பித்தளை வளையத் தாங்கிகள். ஜார்ஜியாவின் கொலம்பஸில் ஹைமன், வட கரோலினாவின் கெனன்ஸ்வில் என்று பட்டறைகள் அறியப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனித்த வேலைப்பாடு உண்டு. முத்திரை இல்லாமை ஒன்று மட்டும் எதையும் சொல்லாது. இத்தனையும் சேர்ந்து வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

நகலிலும் சிவப்புப் பித்தளை, கரடு முரடு வேலை இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நெருக்கடியில் செய்தவனும் தன் தொழில் தெரிந்தவன். அலகு கையில் உயிரோடு இருக்கும், தடிமன் நுனிநோக்கி இறங்கும்.

பெயர் பொறித்த கைக்காப்பும் இப்படித்தான். வீரன் பெயரும் படைப்பிரிவும் இருந்தால் விலை ஏறும், அதனால்தான் புதிதாகப் பொறிக்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் எழுத்தின் பள்ளத்துக்குள் பாருங்கள். மேற்பரப்பின் பழுப்பு உள்ளேயும் அதே அடர்த்தியில் இருக்க வேண்டும். பழைய கீறல்கள் எழுத்தைக் கடந்து போக வேண்டும். எழுத்து கீறலை வெட்டிக்கொண்டு போனால் கீறலுக்குப் பிறகு வந்தது எழுத்து. பெயர் கிடைத்தால் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் படைச் சேவைப் பதிவுகளில் தேடலாம். ஆனால் அப்படி ஒருவர் படையில் இருந்தார் என்பதைத்தான் பதிவு நிறுவும். இந்த வாள் அவருடையது என்பதை நிறுவாது.

---

மூன்றுகிளை

இன்னொன்று. 1906 மாடலை இதோடு குழப்ப வேண்டாம். வடிவம் 1860 போலவே, ஆனால் கைக்காப்பு கருமையேற்றிய இரும்பு. உள்நாட்டுப் போர் வாள் என்று விற்கப்படுவதைக் காணலாம். அடியில் 1906 என்றே பொறித்திருக்கும்.

---

தெற்குவாசல்

செம்பு வழியில் மூன்று சுற்று முடித்தேன். பொடி வருவது நின்றுவிட்டது, கறுப்பு அப்படியே நிற்கிறது. களிம்பையும் பாதி எடுத்தாயிற்று. இனி பூச்சும் பாதுகாப்பும். உறைக்குள்ளேயே வைக்கலாமா?

---

களிம்பு

உறைக்குள் வைக்காதீர்கள், சொந்த உறையாக இருந்தாலும். இந்த இரும்பு உறைகளுக்குள் மரப்பட்டை கிடையாது, வெறும் இரும்பு. உள்ளே ஈரம் போனால் வெளியேற வழியில்லை, அடியில் தேங்கும். உங்கள் அலகின் முனைத் துருவே அதற்குச் சாட்சி. உறையைக் கவிழ்த்து, தட்டாமல் குலுக்கிப் பொடியைக் கொட்டிவிடுங்கள். உள்ளே எண்ணெய் ஊற்ற வேண்டாம், அடியில் தேங்கிப் பிசினாகும். மூங்கில் சிம்பில் துணி சுற்றி லேசாக எண்ணெய் தொட்டு ஒருமுறை விட்டு எடுத்தால் போதும்.

அலகை ஒயிட் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய் இல்லாமல் ஆக்குங்கள். கைக்காப்புக்கு 5 செமீ முன்னாலேயே நிறுத்தி, மீதியைச் சற்றே ஈரமான பஞ்சுக்குச்சியால் செய்யுங்கள். ஒரு மணி நேரம் காயட்டும். பிறகு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, ரெனைசான்ஸ் வேக்ஸ் என்று கிடைப்பது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் இதற்கென்றே உருவானது. பட்டாணி அளவு எடுத்தால் அலகின் ஒரு பக்கத்துக்குக் காணும். மெல்லியதாகத் தேய்த்து, சில நிமிடத்தில் மென்துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு பூச்சு போடலாம், தடிமனாக ஒன்று போடக்கூடாது. குழிகளுக்குள் வெள்ளையாகத் தங்கினால் மென்தூரிகையால் எடுங்கள். பித்தளைக்கும் இதையே போடலாம். தோலுக்கு வேண்டாம்.

ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காடு. அதற்கு மேல் இரும்பு துருப்பிடிக்கும், மிகக் கீழே போனால் தோல் சுருங்கும். படுக்கைவாட்டில், இரண்டு இடத்தில் துணி மெத்தை வைத்துத் தாங்குங்கள். ஃபோம் ஸ்பஞ்சு கூடாது, காலப்போக்கில் அது சிதைந்து அமிலம் விடும். நைட்ரைல் கையுறை இல்லாமல் அலகைத் தொடாதீர்கள். விரல் ரேகை இரண்டு வாரத்தில் துருவாகத் தெரியும்.

---

கிடங்குச்சாவி

நிலைக் குறிப்பை எழுதும்போது "நல்ல நிலை" என்ற ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் தரநிலைப் பட்டியல் உண்டு. வாள்களுக்கு அதைக் கடன் வாங்கி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், அதில் ஒருவரின் "மிக நன்று" இன்னொருவரின் "சுமார்". பகுதி பகுதியாக எழுதுங்கள். உங்கள் வாளுக்கு நான் எழுதினால் இப்படி:

"1860 மாடல் இலகு குதிரைப்படை வாள், ரோபி, 1864, ஏ.ஜி.எம். முத்திரைகள் முழுதாகப் படிக்கக் கிடைக்கின்றன. அலகு 34 5/8 அங்குலம், சாம்பல் படலம், அடிப்பகுதியில் பட்டறை மெருகு. முனை 20 செமீயில் கறுத்த துருவும் ஆழமில்லாத குழிகளும். கடைசி 8 செமீயில் இருந்த செந்துரு செம்பால் நீக்கப்பட்டது. கூர்விளிம்பில் மூன்று பழைய வெட்டுகள். தோல் அறுபது விழுக்காடு, உரிந்த இடம் க்ளூசெலால் நிலைப்படுத்தப்பட்டது. கம்பி முழுமை. தோல் வளையம் இல்லை. கைக்காப்பில் மயிரிழை ஆட்டம், குமிழ் உச்சி கைபடாதது. உறை 1840 மாடலுடையது, பிற்காலத்தில் சேர்ந்தது, வாய்க்கட்டும் திருகும் இல்லை."

அறுபது என்பதை நான் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் அளந்து திருத்துங்கள். செய்த ஒவ்வொரு வேலைக்கும் தேதியும் பொருளின் பெயரும் தனித்தாளில் எழுதி வாளோடு வையுங்கள். முந்தைய படங்களை அழிக்காதீர்கள்.

---

தெற்குவாசல்

கட்டம் போட்ட காகிதம் வைத்து அளந்தேன், தோல் 65 விழுக்காடு. குறிப்பில் திருத்திக்கொண்டேன். உறையின் அடிக்கட்டில் இருந்த எழுத்தை லென்ஸில் படித்துப் படம் போட்டிருக்கிறேன். 1840 வாளை உறையில்லாமல் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், 1860 உறைக்கு மாற்றிக்கொள்ளத் தயார். என் வாளின் அடித்தட்டுத் தடத்தை டிரேசிங் தாளில் வரைந்து அனுப்புகிறேன், வாய்க்கட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.